பூட்டிய வீட்டு நாடகம்

1

போன மாதம் இங்கிலாந்தில் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் லண்டனில் அச்சான நாடகம். எழுதியவர் யாரென்று தெரியாது, முகப்புத் தாள் போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அதிலும் நடுவில் சில தாள்களைப் பூச்சி தின்றிருக்கிறது. அந்தப் பிரதியை வரி வரியாகப் படித்து, அச்சுக் கோத்தவன் செய்த பிழைகளைத் திருத்தி, இன்றைக்கு வழக்கில் இல்லாத சொற்களுக்குக் குறிப்பெழுதி, மறுபடியும் புத்தகமாகக் கொண்டுவந்தது நான். பத்து வருஷத்துக்கு மேல் அந்த வேலை என்னைப் பிடித்து வைத்திருந்தது.

நாடகம் நடந்த வாரமும் பல வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் இறந்த வாரமும் ஒன்றாக விழுந்துவிட்டன. யாரும் பார்த்து வைத்ததல்ல. மண்டபம் அந்த வாரம்தான் காலியாக இருந்தது.

இதைப் படிப்பவர்களில் பழனிக்காரர்கள் இருக்கலாம். கொடைக்கானல் பஜாரில் எங்கள் தகப்பனார், நாங்கள் அத்தா என்று கூப்பிடுபவர், நடத்திய கம்பளிக் கடையில் சால்வை வாங்கியவர்கள் இருக்கலாம். அப்படியானால் என் அண்ணன் காசிமைத் தெரிந்திருக்கும். கடை வாசலில் நின்று, 'கம் மேடம், குட் பிளாங்கெட், ஃபிக்ஸ்டு பிரைஸ்' என்று கூப்பிட்டுவிட்டு, மேடம் போன பிறகு பாதி விலைக்குப் பேரம் படிந்ததைச் சொல்லிச் சிரிப்பாரே, அவர்தான். அவர் எப்படிப் போனார் என்பது உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். எனக்கும் போன மாதம்வரை அரைகுறையாகத்தான் தெரியும்.

2

நான் மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நாட்கள். மே மாத சீசனுக்கு லீவில் கொடைக்கானல் வந்திருந்தேன். ஏரிக்குப் பக்கத்தில் இருந்த மண்டபம் ஒன்றில் மிஷன்காரர்களும் கோடைக்கு வந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து பழைய ஆங்கில நாடகம் ஒன்றைப் போட்டார்கள். ராஜாவுக்கும் மந்திரிகளுக்கும் அங்கி வேண்டும் என்று எங்கள் கடைக்கு ஆள் வந்தது. இருப்பதிலேயே நல்ல சிவப்புக் கம்பளிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அண்ணனே போனார். என்னையும் கூட்டிப்போனார். அங்கியைத் திருப்பி வாங்கி வரும் சாக்கில் நாங்கள் இருவரும் பின்வாசலில் நின்று முழு நாடகத்தையும் பார்த்தோம்.

அண்ணனுக்குத் தெரிந்த ஆங்கிலம் கம்பளி விற்கிற ஆங்கிலம் மட்டும்தான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. ஓரிடத்தில் சத்தமாகச் சிரித்தார். கடைசியில் தோள்துண்டால் மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் வெள்ளனே கடை திறந்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன காசிமு, வெள்ளக்காரன் கூத்து எப்படி இருந்துச்சு?"

அவ்வளவுதான். அண்ணன் ஒரு கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாடகம் முழுவதையும் நடித்துக் காட்டினார். ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல். வசனமெல்லாம் அவருடையது. வாடிக்கையாக வரும் ஒரு துரைசானிகூட வாங்க வந்ததை மறந்து நின்று பார்த்தாள்.

"அண்ணே, கதை அப்படி இல்ல" என்றேன் நான். "அந்தத் தாடிக்காரன் துரோகி. அவன்தான் எல்லாரையும் காட்டிக் குடுக்கிறான்."

"துரோகியா? ஏலே, அவன் நின்ன நெலையைப் பாத்தியா? ஆரம்பத்துலேருந்து எல்லாரும் விருந்துல உக்காந்திருக்காக. அவனை ஒருத்தரும் வான்னு கூப்பிடல. கூப்பிட்டிருந்தா அவன் ஏன் இந்தச் சோலிக்குப் போறான்?" என்றவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார். "சாகப் போறப்ப கையை இப்படி விரிச்சுக்கிட்டு ஏதோ சொன்னானே, என்னடா அது?"

"தெரியலண்ணே. அது பழைய இங்கிலீசு."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா. பெறகு எதுக்குப் படிக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வரியைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகத்தைத் தேடிப் போனேன். ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று அந்தக் காலத்து நாடகங்களே எனக்கு வாழ்க்கையாகிவிட்டன. இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கிடைத்தபோது அத்தா தயங்கினார். அம்மா இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"போகட்டுங்கத்தா" என்றார் அண்ணன். "கடையை நீங்க பாருங்க. கெழங்கு யாவாரத்தை நான் பாக்குறேன். இவன் இங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போறான், துரைசானிகிட்ட விலை சொல்றதுக்கே கூச்சப்படுறான்."

அண்ணனுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். மதினி பெயர் மைமூன், பழனிப் பெண். சீசன் இல்லாத மாதங்களில் அண்ணன் மட்டக்குதிரைகளை ஓட்டிக்கொண்டு மேல்மலைக்குப் போய், கவுஞ்சி, மன்னவனூர்ப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் பூண்டும் வாங்கிக் கீழே அனுப்புவார். போனால் திரும்பப் பத்துப் பதினைந்து நாளாகும். நான் பஸ் ஏறின அன்றைக்கும் அப்படி மேலே போகக் கிளம்பித்தான் நின்றார். ஒரு கம்பளியை என் மடியில் போட்டு, "கொடைக்கானல்காரனுக்கு எவன்டா குளிரைப் பத்திச் சொல்லித்தர்றது" என்றார். பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். அவருக்கு அழுகை வரும்போது அப்படித்தான் செய்வார்.

3

இங்கே வந்து நான் எடுத்துக்கொண்ட பொருள், கொள்ளைநோய்க் காலத்து நாடகங்கள். அந்தக் காலத்து லண்டனில் கொள்ளைநோய் வந்தால் முதலில் நாடகக் கொட்டகைகளை மூடுவார்கள். நோய் கண்ட வீட்டைக் குடும்பத்தோடு வைத்துப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, வாசலில் காவல் வைப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பிழைத்தால் வெளியே வரலாம். நூலகத்தில் பெயரில்லாத அந்தப் பிரதி என் கைக்கு வந்தது இரண்டாவது குளிர்காலத்தில். அதன் கதையே பூட்டிய வீடுதான். புருஷன் உள்ளே இருக்கிறான். வெளியூர் போயிருந்த மனைவி திரும்பி வருகிறாள். காவல்காரன் தடுக்கிறான். அவள் அவனிடம் மன்றாடிக் கதவைத் திறக்கவைத்து உள்ளே போகிறாள். வெளிப்பக்கம் பூட்டு விழுகிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று நாடகம் காட்டுவதில்லை. அதற்குப் பிறகு மேடையில் தெருவும் கதவும் மட்டும்தான்.

என் பேராசிரியர் நல்ல மனிதர். "உன் ஆராய்ச்சிக்குப் பொருள் கிடைத்துவிட்டது" என்று கைகுலுக்கினார். வாரக்கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து அதைக் கையால் பிரதி எடுத்தேன். அந்த வாரங்களில்தான் அண்ணன் மேல்மலையில் இறந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அத்தா அதை எழுதவில்லை. எழுதிய கடிதங்களில் எல்லாரும் சௌக்கியம், நன்றாகப் படி என்று இருந்தது.

நாலைந்து மாதம் கழித்துத் திண்டுக்கல்லிலிருந்து என் நண்பன் சுந்தரம் மேல்படிப்புக்கு வந்தான். டாக்டர். அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போனேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"உங்க அண்ணன் விஷயம் கேட்டு மனசே ஆறலப்பா" என்றான். "நல்ல வயசு. அம்மை குத்திக்கிட்டிருந்தா..."

"எந்த அண்ணன்?" என்று கேட்டேன். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அது தெரிந்தும் அப்படித்தான் கேட்டேன்.

சுந்தரத்தின் முகம் மாறியது. "உனக்குத் தெரியாதா? அய்யோ, தெரியாதா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். கவுஞ்சியில் பெரியம்மை. கிழங்கு வாங்கப் போன இடத்தில் அண்ணனுக்கும் கண்டுவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். மதினி போயிருக்கிறாள். அவளுக்கும் வந்து, அவள் பிழைத்துவிட்டாள். ஏற்கனவே அம்மை கண்டு தேறிய பஜார்க்காரர்கள் மூன்று பேர் போய், அங்கேயே தொழுகை வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அத்தாவுக்கு எழுதினேன். 'பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன்' என்று பதில் வந்தது. நான் செய்துகொண்டிருந்த படிப்பில் பரீட்சையே கிடையாது. அத்தாவிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்ப நூலகத்துக்குப் போய் அதே பிரதியைத் திறந்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

4

பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனபோது அத்தா பாதியாகிப் போயிருந்தார். கடையில் நாலு வயதுப் பெண் குழந்தை கம்பளி அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அண்ணன் மகள் நிலோபர். அவர் போகும்போது தத்தித் தத்தி நடக்கிற வயது.

மதினியின் முகம் முழுவதும் தழும்பு என்றார்கள். சிரித்த முகத்தோடு எனக்குச் சாப்பாடு போட்ட பெண் அவள். இப்போது திரைக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

முதலில் நான் கவுஞ்சிக்குப் போனேன். வர்றீங்களா என்று மதினியிடம் கேட்டதற்கு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணனை அடக்கிய கபுர், கிழங்குத் தோட்டத்து வரப்பின் ஓரமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். கொட்டகையைக் கொளுத்திவிட்டார்களாம். அந்த இடத்தில் பூண்டு போட்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"என்ன நடந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. கஞ்சியைக் கல்லு மேல வச்சிட்டு ஓடியாந்துருவோம். அந்தம்மாதான் உள்ள இருந்தாங்க. அவங்களைத்தான் கேக்கணும்."

நான் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்த அத்தா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏலே அன்வரு, மைமூனு நம்ம வீட்டுப் பிள்ளை. நான் போயிட்டா அவளுக்கும் அந்தப் பச்சப்பிள்ளைக்கும் யாரு இருக்கா? நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். உனக்கு மனசில்லன்னா விட்டுரு."

மறுநாள் மதினியே கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு என்னை வரச்சொன்னாள். முக்காட்டை விலக்கிவிட்டு வெளிச்சத்தில் நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்களா தம்பி?"

"பாத்துட்டேன்."

"பாவப்பட்டுக் கட்ட வேணாம். அத்தா சொன்னதுக்காகவும் கட்ட வேணாம்."

மனதில் இருந்ததைச் சொன்னேன். "வேற யாரையாச்சும் நான் கட்டுனா, அவளுக்கு அண்ணன் யாருன்னே தெரியாது மதினி. உங்களுக்கும் அப்படித்தான். நம்ம ரெண்டு பேருன்னா அவரைப் பத்திப் பேசிக்கிறலாம்."

"பேச வேணாம்" என்றாள். "அது ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அதைப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். நிக்காஹ் நடந்தது.

நான் படிக்கிற நாடகங்களின் ஆங்கிலத்தில் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருந்தது. இப்போது அது போய்விட்டது. ஒரு பாத்திரம் எந்த வரியில் 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ'க்கு மாறுகிறது என்பதைப் பற்றி என் ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயமே உண்டு. என் வீட்டில் அந்த மாற்றம் நடக்கவில்லை. மதினி என்று கூப்பிட்ட வாயால் மைமூன் என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. 'நீ' வரவே இல்லை. தம்பி என்று கூப்பிட்டவளுக்கு என்னைக் கூப்பிட எந்தச் சொல்லும் இல்லாமல் போயிற்று. 'இந்தாங்க' என்பாள். இன்றைக்கும் அதுதான்.

5

எனக்கு இங்கிலாந்திலேயே பல்கலைக்கழக வேலை கிடைத்து, மைமூனையும் நிலோபரையும் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்தேன். துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரி மைமூனின் முகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். அம்மை குத்திய சான்றைக் கேட்டார்கள், கொடுத்தோம். அது போதவில்லை. இரண்டு மணி நேரம் தனி அறையில் உட்காரவைத்தார்கள். ஒரு தரம் வந்தவர்களுக்குத் திரும்ப வராது, யாருக்கும் தொற்றவும் தொற்றாது என்று டாக்டரே எடுத்துச் சொல்லியும், அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தார். குழந்தையின் தகப்பன் பெயர் காசிம் என்று இருக்கிறதே, நீ அன்வர்தானே என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீட்டு வாடகை அலுவலகம் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். 'அவர் என் அண்ணன், இறந்துவிட்டார்' என்று எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னேன். நிலோபர் என் கையைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

மைமூன் ஆங்கிலம் கற்ற விதம் வேறு. பக்கத்து வீட்டு அம்மாளிடமிருந்து விடைபெறும்போது, போயிட்டு வர்றேன் என்பதை அப்படியே 'ஐ கோ அண்ட் கம்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த அம்மாள் கதவைத் திறந்து வைத்து, தேநீர் போட்டு, சாயங்காலம்வரை காத்திருந்திருக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் சிநேகிதிகள்.

அது கொஞ்ச காலம்தான். அடுத்த வருஷக் குளிர்காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த யாருக்கோ பெரியம்மை என்று பத்திரிகைகள் எழுதின. அம்மை குத்திக்கொள்ள ஆஸ்பத்திரி வாசலில் ஜனம் தெருக்கோடிவரை நின்றது. காய்கறிக் கடைக்காரன் மைமூனின் கையில் சில்லறையைக் கொடுக்காமல் மேஜையில் வைத்துத் தள்ளினான். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நான் கொதித்தேன்.

"விடுங்க" என்றாள் மைமூன். "பயம் வந்தா எல்லாரும் அப்படித்தான். கல்லு மேல கஞ்சியை வச்சிட்டு ஓடல, அவ்வளவுதான்."

கொட்டகையைப் பற்றி அவள் வாயிலிருந்து அத்தனை வருஷத்தில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான். நான் மேலே கேட்கவில்லை. கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேனே.

இதற்கிடையில் அத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை கை மாறியது. நிலோபருக்குத் தமிழ் மெல்ல மெல்லக் கழன்றது. முதலில் பதில் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு கேள்விகளும் ஆங்கிலத்தில் வந்தன. அம்மாவிடம் பேச வேண்டியதை என்னிடம் சொல்லிச் சொல்லச் சொல்லுவாள். பழனி என்றால் அவளுக்கு மொட்டை வெயில். கொடைக்கானல் என்றால் கம்பளி நாற்றம். காசிம் என்பது படிவங்களில் நிரப்புகிற ஒரு பெயர்.

6

நாடகத்தன்று மைமூன் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு வந்தாள். நான் பதிப்பித்த புத்தகத்தின் கதை என்னவென்று அதுவரை அவளிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், முடியாது. வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பத்து வருஷமா அதோடதானே குடும்பம் நடத்துறீங்க. நான் பாக்க வேணாமா?" என்றாள்.

பதிமூன்று வயது நிலோபர் தன் பள்ளித் தோழிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம்.

காவல்காரன் வேஷம் போட்ட மாணவன் நல்ல கோமாளி. மனைவி கதவைத் திறக்கச் சொல்லி மன்றாடும் காட்சியில் அவன் சாவியைத் தொலைத்துவிட்டுக் கால்சட்டைக்குள் தேடினான். அப்படி எதுவும் புத்தகத்தில் இல்லை. சபை சிரித்தது. அவள் உள்ளே போனபோதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பூட்டு விழும் சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று.

"எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று மைமூன் என் காதில் கேட்டாள்.

"காவல்காரன் கோமாளித்தனம் பண்றான்."

"அந்தப் பொம்பளை உள்ள போறா. அதுக்கா?"

அவளுக்குக் கதை புரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசிவரை மேடையிலிருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கைதட்டியபோது தானும் தட்டினாள். மேடையில் என்னைக் கூப்பிட்டு மாலை போடுவதற்குப் பதில் பூங்கொத்து ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்க எனக்குப் படி தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நிலோபர், தோழிகளுக்கு நாடகம் ரொம்பப் பிடித்தது என்றாள். பிறகு ஆங்கிலத்தில், "ஆனால் அந்த மனைவி சுத்த முட்டாள் அத்தா. சாகப்போகிறோம் என்று தெரிந்தே யாராவது உள்ளே போவார்களா?" என்று கேட்டாள்.

ஆங்கிலத்தில் மைமூனுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் முட்டாள் என்பதும் ஒன்று. கடைத்தெருவில் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சமையலுக்குக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த மைமூன் கத்தியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நிலோ, இப்படி உக்காரு. உன்னைப் பெத்த அத்தாவைப் பத்திச் சொல்லணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் சொல்றேன். நீங்க இவளுக்கு இங்கிலீசுல சொல்லுங்க. ஒண்ணையும் விடக் கூடாது. நல்லா இருக்கணும்னு எதையும் சேக்கவும் கூடாது."

இத்தனை வருஷம் பழைய பிரதிகளுக்கு நான் செய்ததும் அதுதான். சரி என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"குதிரைக்காரன் ஒருத்தன் கடைக்கு முன்னால தூரமா நின்னுக்கிட்டு, காசிம் பாய்க்கு அம்மை போட்டிருக்குன்னு கத்துனான். கிட்ட வர மாட்டேன்னுட்டான். உங்க பாட்டனார், போகாதே, கைப்பிள்ளைய வச்சிருக்கியேன்னு கையைப் பிடிச்சாரு. உன்னை அவரு மடியில போட்டுட்டு நடந்தேன். பூம்பாறையில ஒரு வீட்டு மாட்டுக்கொட்டாயில படுத்து எந்திரிச்சு, திரும்ப நடந்தேன். கவுஞ்சியில கொட்டாயைத் தூரத்துலேருந்தே காட்டுனாங்க. வாசல்ல வேப்பங்கொத்துச் செருகியிருந்துச்சு. அந்தக் குளுருல வேப்பமரம் ஏது? பழனியிலேருந்து எப்பவோ வந்தது, சருகாக் காஞ்சு கெடந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு. தட்டுனேன்."

நிலோபர் என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னாரு. நாந்தான்னேன். பிள்ளை எங்கன்னாரு. அத்தாகிட்ட இருக்குன்னேன். போயிரு மைமூனு, பிள்ளைக்கு ஒருத்தராச்சும் வேணும்லன்னாரு. சரி போறேன்னு சொன்னேன். போகல. கதவு ஓரமா உக்காந்துக்கிட்டேன். அவருக்கும் தெரியும், நான் போகலன்னு. உள்ளயிருந்து பேசிக்கிட்டே இருந்தாரு. கெழங்கு அழுகிப்போகும், வெரசாக் கீழ அனுப்பச் சொல்லு. நிலோவுக்குக் கடவாப்பல்லு வந்துருச்சான்னு கேட்டாரு. அன்வருக்கு எழுத வேணாம், படிப்பு கெடும்னாரு."

அந்த வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தா எழுதாததற்குக் காரணம் அத்தா அல்ல என்பதை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். மைமூன் எனக்காகக் காத்திருந்தாள். சொல்லி முடித்தேன்.

"மறுநாள் பேச்சு நின்னுபோச்சு. தண்ணி தண்ணின்னு முனகல் மட்டும் வந்துச்சு. கதவைத் தொறந்து உள்ள போனேன்."

அப்போது நிலோபர் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. மைமூன், "என்ன கேக்குறா? விடக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள்.

"'அப்போ என்னை விட்டுட்டுத்தானே போனீங்க?' அப்படின்னு கேக்குறா."

"ஆமா" என்றாள் மைமூன், மகளைப் பார்த்தே. "விட்டுட்டுத்தான் போனேன். திரும்பி வருவேன்னு நெனைச்சுப் போகல. நான் பொழைச்சது எனக்கே தெரியாது. எனக்கும் காய்ச்சல் கண்டு, பத்துப் பன்னண்டு நாள் கழிச்சு அவரை எடுத்துட்டுப் போனப்ப எனக்கு நெனைவில்ல. மண்ணு போட்டதைக்கூடப் பாக்கல. உன்கிட்ட வந்தப்ப என் மூஞ்சியப் பாத்துட்டு நீ அலறிக்கிட்டு ஓடுன. ரெண்டு மாசம் எங்கிட்ட வரல. அது உன் தப்பில்ல."

ஒன்றையும் விடாமல் சொன்னேன். நிலோபர் அழவில்லை. மேஜையில் கிடந்த கிழங்குத் தோலைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பிறகு, உள்ளே போனதும் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். இதற்கு என்னை எதிர்பார்க்கவில்லை, உடைந்த தமிழில் அவளே அம்மாவிடம் கேட்டாள்.

"கண்ணு தெரியல அவருக்கு. கொப்பளம் மூடியிருந்துச்சு. கையைப் பிடிச்சேன்" என்றாள் மைமூன். "'வந்துட்டியா'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்குப் பெறகு பேச்சில்ல."

நான் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தேன். நின்றுவிட்டேன். அது கேள்வியா, கோபமா, ஏன் வந்தாய் என்கிறாரா, இத்தனை நேரம் எங்கே போனாய் என்கிறாரா? எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒன்று குறைந்தது. இரண்டு முறை ஆரம்பித்தேன், இரண்டும் சரியாக வரவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நிலோபர் கதவைத் தள்ளும்போது, அடுப்படியிலிருந்து அவள் அம்மா கேட்பது அந்தச் சொல்லைத்தான்.

"வேணாம் அத்தா" என்று என் கையைத் தொட்டாள் நிலோபர். "அது எனக்குத் தெரியும்."

தமிழில்தான் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மீதிக் கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள்.